கீழே விழாத சைக்கிள்

விழவே இல்லை என்கிறீங்க. சரி.

அப்ப இது என்ன?

குனிஞ்சு பாருங்க தம்பி. அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிட்டுப் பாருங்க. பின்சக்கரத்துக்கிட்ட தொங்குதே, செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து அடுத்ததுக்குத் தள்ளற கை, அதோட வெளிப்பக்கத்துல கீறல். புதுசு. தார் ரோட்டுல விழுந்திருந்தா கறுப்பு ஒட்டியிருக்கும். இதுல சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. சிமெண்டுத் தரை. ஏதோ லாட்ஜ் வாசல்ல சாய்ச்சு வெச்சீங்க, சரிஞ்சது. எடுத்து நிறுத்தினீங்க. யாராவது பார்த்தாங்களான்னு சுத்தி ஒரு பார்வை. அதோட மறந்தாச்சு.

சிரிக்காதீங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

கேட்ட மாத்திரத்துல 'இல்லை'ன்னு வருது பாருங்க வாயில, அதைத்தான் சொல்றேன். ஒரு விநாடி யோசிச்சீங்களா? யோசிக்கலை. எல்லாருக்கும் அப்படித்தான் வருது.

கட்டிங் பிளேயர் கேட்டீங்க. இருக்கு. தரமாட்டேன். நானும் உங்க சைக்கிளைத் தொடமாட்டேன். முப்பத்திரண்டு வருஷம் பஸ் டெப்போவுல ஃபிட்டரா இருந்தவன் நான். இந்த மலையில ஏறி இறங்கற வண்டி அத்தனைக்கும் அடியில படுத்து எழுந்தவன். தொடமாட்டேன்னா தொடமாட்டேன்.

சேலத்துல இருந்து மூணாவது தடவையா செயின் மாட்டிக்கிச்சு என்கிறீங்க. எங்க மாட்டிச்சு? பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி உள்ளே போய், ஸ்போக்ஸ் கம்பிக்கும் அதுக்கும் நடுவுல. ஏத்தத்துல கியரை இறக்கினப்ப. அப்படித்தானே? நடுக் கியர்ல டக் டக்குனு சத்தம். ஒரு பக்கம் சரி பண்ணினா இன்னொரு பக்கம் கெட்டுப்போகுது. போன்ல பார்த்து அந்த ரெண்டு சின்ன ஸ்குரூவையும் திருகினீங்களா? திருகியிருக்கீங்க. தலை தேய்ஞ்சிருக்கு. அந்த ஸ்குரூ வேலிக்கால் மாதிரி தம்பி. செயின் இந்தப் பக்கம் இதுக்கு மேல போகாதே, அந்தப் பக்கம் அதுக்கு மேல போகாதேன்னு நிறுத்தற வேலி. நிலமே சரிஞ்சு கிடக்குது. வேலியைத் தள்ளித் தள்ளி நட்டு என்ன ஆகப்போகுது?

சவரி கடை எங்கன்னு கேட்டீங்களே. யாரு சொன்னா உங்களுக்கு அந்தப் பேரை? சேலத்துல ஒருத்தரா? இன்னும் அவன் பேரைச் சொல்றதுக்கு ஆள் இருக்குதா?

இருக்கு கடை. ரெண்டு வளைவு மேல, பலாமரத்துக்கு எதிர்ல. இன்னும் மூணு நாளைக்கு இருக்கும். சனிக்கிழமை சாமானை லாரியில ஏத்தறான். கோயமுத்தூர்ல ஏதோ சைக்கிள் கம்பெனியில பெட்டி பிரிச்சு மாட்டற வேலையாம். பதினஞ்சு வருஷமா மலையில கடை வெச்சிருந்தவன் நாற்பது வயசுல பெட்டி பிரிக்கப் போறான்.

ஏன் போறான்னு ஊர்ல கேட்டா, பொன்னுரங்கம் விரட்டினார் என்பாங்க. பொன்னுரங்கம் நான்தான். நான் விரட்டினேனா? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. உக்காருங்க. அந்தக் கல்லு மேல உக்காருங்க. செயின் எங்கேயும் ஓடிடாது.

எனக்கு ஒரே பொண்ணு. சுடர்க்கொடி. இருபத்திரண்டு வயசு. மலைச் சைக்கிள் ஓட்டுவா. ஓட்டுவான்னா உங்களை மாதிரி லீவுக்கு இல்லை. காபித் தோட்டத்து மண்ரோட்டுல, வேரு மேலயும் கல்லு மேலயும், ஆம்பளப் பசங்க இறங்கித் தள்ளற இடத்துல சீட்டை விட்டு எழுந்து நின்னு மிதிச்சு ஏறுவா. அந்தச் சைக்கிளை அவளுக்குப் பாகம் பாகமா சேர்த்துக் கட்டிக் கொடுத்தவன் சவரி. சட்டம், அதான் ஃபிரேம், ஒரு இடத்துல வாங்கினான், சக்கரம் ஒரு இடத்துல. ஒரு வருஷம் ஆச்சு. வாரம் ஒரு நாள் கழுவி, செயினை அளந்து, கேபிளை மாத்தி. 'சவரி அண்ணா, சவரி அண்ணா'ன்னு இவளும் கடையே கதின்னு கிடப்பா. எனக்கு அது பிடிக்கலை. வீட்டுல ஒரு ஃபிட்டர் இருக்கேன். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதா?

"அப்பா, இது பஸ் இல்லைப்பா" என்பா.

எது இல்லை? போல்ட்டு போல்ட்டுதான், நட்டு நட்டுதான்.

போன அக்டோபர்ல மாநில அணிக்கு ஆள் எடுத்தாங்க. இங்கேயே, இந்த மலையிலேயே. விஜயதசமி அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு. முதல் நாலு பேர் அணிக்கு. அணியில சேர்ந்தா போலீஸ்ல விளையாட்டு ஒதுக்கீட்டுல வேலைக்கு விண்ணப்பம் போடலாம். அவளுக்கு அதுதான் கணக்கு. விஜயதசமிக்கு முந்தின நாள் என்ன? ஆயுத பூஜை.

நான் கோயில் குளம்னு போறவன் இல்லை. பொண்ணு பேரைக் கேட்டாலே தெரியும் உங்களுக்கு. ஆனா ஆயுத பூஜை சாமி சமாச்சாரம் இல்லை, வேலை சமாச்சாரம். டெப்போவுல நாங்க பண்ணின பூஜையைப் பார்க்க ஊரே வரும். பஸ் முகப்புல ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு, மாவிலை, மாலை, கண்ணாடி முழுக்கச் சந்தனம். அன்னிக்கு ஒரு ஸ்பேனரை எடுக்க மாட்டோம். பூஜையில வெச்ச சாமானை மறுநாள் காலையில கற்பூரம் காட்டித்தான் எடுக்கணும். கலெக்டரே வந்து கேட்டாலும் தரமாட்டோம்.

அதனால சைக்கிளுக்கும் பூஜை போட்டேன். தப்பா? மறுநாள் பந்தயம். பூஜை போடாம அனுப்புவாங்களா?

மத்தியானமே கழுவித் துடைச்சு வாசல்ல நிறுத்தினேன். இதோ இந்த இடத்துலதான். ரெண்டு வாழைக்கன்னு. முன்னாடி கட்டினா ஹேண்டில் திரும்பிக்குது, நிக்கலை. சரின்னு பின்னாடி கட்டினேன். இடது பக்கத்துக் கன்னைச் சட்டத்துல கட்டினேன். வலது பக்கம் கட்ட வசதியா ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்தது. கொக்கி மாதிரி. அதுலயே சுத்தி இறுக்கிட்டேன்.

அதைத்தான் பார்க்கறீங்க. ஆமா. அந்தக் கைதான். கியர் கை.

என்ன இப்ப? ஆறடிக் கன்னு. பஸ்ல பத்தடிக் கன்னு கட்டியிருக்கோம்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சுடர் வந்தா. சைக்கிளைச் சுத்தி வந்து பார்த்தா. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்பா, ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டுக் கொண்டாந்து வெச்சுடறேன். கியர் சரியா விழுதான்னு பார்க்கணும்"னா.

"பூஜையில இருக்கு. நாளைக்குக் காலையில எடு."

"காலையில ஆறு மணிக்கே அங்க இருக்கணும்பா. டெஸ்ட் பண்ண நேரம் இருக்காது."

"தொடாதேன்னா தொடாதே."

அவ அம்மா பத்மாவதி கூட உள்ளே இருந்து, "ஏங்க, ஓட்டிப் பார்க்கட்டுமே. சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டா. நீங்கதான் கோவிச்சுக்கறீங்க"ன்னா. அவளுக்கு எப்பவும் இந்த நக்கல். நான் அசையலை. சுடர் பஸ் ஏறிக் கீழே தோழி வீட்டுக்குப் பந்தயத்துல கட்டற நம்பர் துணி வாங்கப் போயிட்டா.

அவ போய் அரை மணி நேரம் இருக்கும். எதிர்வீட்டு மேரி டீச்சர் ஒரு ஆடு வளர்க்கறாங்க. பேரு ராணி. ஆட்டுக்கு ராணின்னு பேரு. ஊர்ல இருக்கற அத்தனை செடியும் அதுக்குத்தான். நான் உள்ளே கற்பூரம் எடுக்கப் போனேன். திரும்பி வந்தா அந்தச் சனியன் வலது பக்கத்து வாழை இலையைக் கடிச்சு இழுத்துக்கிட்டு இருக்குது. பத்மாவதி துடைப்பத்தைத் தூக்கிக்கிட்டு ஓடறா. ஆடு இலையை விடலை. விடாம ஓடிச்சு. கன்னு சாய்ஞ்சு, கயிறு இழுத்து, சைக்கிள் தடால்னு.

வலது பக்கமா. அந்தக் கை மேலயே. இந்தச் சிமெண்டுத் தரையில.

எடுத்து நிறுத்தினேன். மாலையைச் சரி பண்ணினேன். கியர் கையில ஒரு கீறல். அது மேல கட்டைவிரலால சந்தனம் வெச்சேன். குங்குமம் வெச்சேன். பூஜைக்குத்தான் வெச்சேன். வேற எதுக்கு வைப்பாங்க?

விழுந்தா என்ன தம்பி? சைக்கிள் விழாதா? பள்ளத்துல உருண்ட பஸ்ஸைக் கயிறு கட்டி இழுத்து, ஒரு வாரத்துல லைன்ல விட்டிருக்கோம். இது என்னமோ அந்தக் கியர் கையைச் சட்டத்தோட சேர்க்கற இடத்துல ஒரு துண்டு அலுமினியமாம். சவரி அதைக் காது என்பான். அரை விரல் நீளம். அது வளைஞ்சா மொத்தமும் போச்சாம். அது வளையறதுக்குன்னே மென்மையா செஞ்சிருக்காங்களாம், சட்டம் உடையக்கூடாதுன்னு. வளையறதுக்குன்னு ஒரு பாகம் செய்வானா எவனாவது? செஞ்சிருக்கான். எனக்கு அப்ப தெரியாது. தெரிஞ்சிருந்தா...

தெரிஞ்சிருந்தாலும் என்ன. விடுங்க.

காலையில கற்பூரம் காட்டி எடுத்துக் கொடுத்தேன். சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சேன். ஏத்தி நசுக்கிட்டுப் போனா. ரோடு திரும்பறதுக்குள்ள கூப்பிட்டா. "அப்பா, நடுக் கியர் குதிக்குது." நான் சொன்னேன், "புதுச் செயின் அப்படித்தான் இருக்கும், போ." அது புதுச் செயினும் இல்லை. ரெண்டு மாசச் செயின்.

பந்தயம் ஆரம்பிக்கற இடத்துக்கு நானும் பின்னாடியே பஸ்ஸுல போனேன். அங்க சவரி இருந்தான். பையைத் தூக்கிக்கிட்டு அஞ்சு மணிக்கே வந்துட்டானாம். பேர் பதியற வரிசையில இருந்து வந்து இவ சொன்னதும் சைக்கிளைத் தூக்கிப் பின்சக்கரத்தைச் சுத்தவிட்டான். பின்னாடி உக்காந்து ஒத்தைக் கண்ணை மூடிப் பார்த்தான். விசில் ஊத இன்னும் பத்து நிமிஷம். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

"அய்யா, சைக்கிள் எங்கயாவது விழுந்துச்சா?"

சுத்தி நாற்பது பேர். கோச்சுங்க, பெத்தவங்க, சேலத்துக் கிளப்பு ஆளுங்க. எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க. சுடர் பார்க்கறா.

"இல்லை"ன்னேன்.

"சத்தியமா விழலைங்களே? விழுந்திருந்தா பையில இதுக்கு வேற காது வெச்சிருக்கேன். அஞ்சு நிமிஷ வேலை. மாத்திடுவேன். விழலைன்னா கேபிள்தான் இளகியிருக்கணும்."

"ஏன்டா, பூஜையில நின்ன சைக்கிள் எப்படிடா விழும்? வேலையைப் பாரு."

அவன் நம்பிட்டான்.

அதுதான் எனக்கு ஆத்திரம் தம்பி. ஒரு மெக்கானிக்குக் கண்ணு வேணாமா? வாயைக் கேட்டா வேலை பண்றது? சந்தனத்தைத் துடைச்சுப் பார்த்திருந்தா கீறல் தெரிஞ்சிருக்கும். துடைக்கலை. கையைக் கொண்டுபோனான், சந்தனம் இருந்த இடத்துக்கு, அப்படியே பின்னாடி எடுத்துக்கிட்டான். வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். நம்ம பூஜைச் சந்தனத்தை அவன் துடைச்சா நான் ஏதாவது சொல்வேன்னு நினைச்சிருப்பான். சொல்லியிருப்பேன். அதுவும் நிஜம்.

கேபிளை ரெண்டு சுத்து இறுக்கினான். சத்தம் நின்னது. "இப்ப பாரும்மா"ன்னான். விசில் ஊதிட்டாங்க.

நாலு ரவுண்டு. ரெண்டு ரவுண்டு வரைக்கும் மூணாவதா வந்தா. மூணாவது ரவுண்டுல, மிளகுத் தோட்டத்து ஏத்தத்துல, கடைசிக் கியரைப் போட்டா. காது உள்பக்கமா வளைஞ்சிருக்கு, அது மேல கேபிளும் இறுக்கம். செயின் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்ஸுக்குள்ள போயிடுச்சு. உங்களுக்கு இப்ப ஆச்சே, அதே. இறங்கி, உருவி, மாட்டி, ஏறினா. இருபதடி. மறுபடியும். மூணாவது தடவை சக்கரமே சுத்தலை. சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஏத்தம் முழுக்க ஓடினா. கை ரெண்டும் கறுப்பு மை, ரத்தம். ஒன்பதாவது வந்தா.

வந்ததும் கீழே உக்காந்துட்டா. அழலை. கையைப் பார்த்துக்கிட்டே இருந்தா.

நான் என்ன பண்ணுவேன்? பெத்தவன். சவரியைப் பிடிச்சேன். சட்டையைப் பிடிச்சேன். "விசில் ஊதறதுக்கு முன்னாடி என்னடா திருகினே? நல்லா இருந்த சைக்கிளைக் கெடுத்துட்டியேடா! பஞ்சர் ஒட்டற பயலுக்குப் பந்தயச் சைக்கிள் கேக்குதா?" அவன் பையைப் பிடுங்கி வீசினேன். சாமான் எல்லாம் காபிச் செடிக்குள்ள சிதறிச்சு. கிளப்பு ஆளுங்களைப் பார்த்துச் சொன்னேன், "இவன்கிட்ட எவனும் சைக்கிளைக் கொடுக்காதீங்க. எம்பொண்ணுக்கு ஆனது போதும்."

அவன் செடிக்குள்ள குனிஞ்சு பொறுக்கிக்கிட்டு இருந்தான். சுடர் முன்னாடி வந்து நின்னான்.

"ஆமாம்மா. கேபிளை இறுக்கினது நான்தான். விழலைன்னு அய்யா சொல்லும்போது வேற காரணமே இல்லை. என் தப்புதான்."

கேட்டீங்களா? பண்ணாத தப்பை ஒருத்தன் ஒத்துக்கறான்! அப்படி ஒருத்தனை என்ன பண்றது சொல்லுங்க. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தா, 'பெரியவரே, நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, கோபத்துல நானே கொட்டியிருப்பேன். ஒத்துக்கிட்டான். நான் வாயை மூடிக்கிட்டேன். வாயை மூட வெச்சவன் அவன்.

சுடர் அவனைப் பார்த்து, "இனிமே என் சைக்கிளைத் தொடாதீங்கண்ணா"ன்னா. அவ்வளவு மெதுவா சொன்னா. நான் கத்தினதுகூட அவனுக்கு அந்த அளவு வலிச்சிருக்காது.

அப்புறம் சேலத்துக்காரங்க வரலை. ஞாயித்துக்கிழமை ஆனா அவன் கடை வாசல்ல இருபது சைக்கிள் நிக்கும். ஒண்ணு ரெண்டா குறைஞ்சு நின்னுபோச்சு. இப்ப ஸ்கூட்டருக்குக் காத்து அடிச்சுக்கிட்டு இருக்கான். நான் அந்த வழியா கடைக்குப் போகும்போது எழுந்து நிக்கறான். மரியாதைக்கு! என் தலையைப் பார்த்ததும் எழுந்து நிக்கறான். எனக்கு எப்படி இருக்கும்? இப்ப நான் சுத்துவழியா போறேன். முட்டிவலியோட. அவனாலதான்.

தண்ணி வேணுமா? இருங்க. ஏய், பத்மாவதி! ஒரு சொம்பு தண்ணி! கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா கதவுக்குப் பின்னாடி. அவளுக்கு இந்தக் கதை தெரியும். துடைப்பத்தோட ஓடினவளாச்சே. அன்னிக்குச் சாயங்காலமே என்கிட்ட சொன்னா, "ஆட்டுக்குப் பேச வராது. எனக்கு வரும். ஆனா நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க"ன்னா. அதுல இருந்து ஏழு மாசம். சோறு போடறா, துணி துவைக்கறா, பேசறா. தினம் காலையில காபி டம்ளரை வைக்கும்போது மட்டும் ஒரு விநாடி நிப்பா. ஒண்ணும் கேக்கமாட்டா. நின்னுட்டுப் போயிடுவா. அந்த ஒரு விநாடிக்கு நான் செத்துச் செத்துப் பிழைக்கறேன்.

மேரி டீச்சரோடயும் சண்டை. ஆட்டைக் கட்டிப் போடச் சொல்லிக் கத்தினேன். "ராணி என்ன சார் பண்ணுச்சு?"ன்னு கேட்டாங்க. என்னத்தைச் சொல்றது? ஆட்டைத் திட்டக்கூட எனக்கு வாய் இல்லாம போச்சு.

சுடர் ரெண்டு நாள் கழிச்சு கேட்டா. "அப்பா, பூஜையில ஏதாவது ஆச்சா?" தனியா கேட்டா. சமையல்கட்டுல. நாற்பது பேர் இல்லை அங்க. அவளும் நானும். சொல்லியிருக்கலாம்.

"இல்லை"ன்னேன்.

ரெண்டு தடவை ஆச்சா? நாற்பது பேர் முன்னாடி ஒண்ணு. அதுகூட வெட்கத்துல வந்ததுன்னு வெச்சுக்கலாம். ரெண்டாவதுக்கு நான் என்ன சொல்றது?

இப்ப அவ சேலத்துல ஒரு நகைக்கடையில நிக்கறா. காலையில பத்துல இருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் நின்ன இடத்துல நிக்கறா. ஞாயித்துக்கிழமை மட்டும் வருவா. சைக்கிள் உள்ளே கொக்கியில தொங்குது. அதுக்குக் காது மாத்தினா போதும், ஓடும். நான் மாத்தலை. ஏன்? மாத்தினா, 'காது எப்படிப்பா வளைஞ்சது?'ன்னு கேப்பா. செயின் இழுத்து வளைஞ்சிருக்கும்னு சவரி சொல்லி வெச்சிருக்கான், அந்த மடையன். அதையே நானும் சொல்லலாம். மூணாவது பொய். வாய் வரலை.

போன ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுக்கிட்டே சொன்னா. "சைக்கிளை வித்துடுங்கப்பா. சவரி அண்ணனும் ஊரை விட்டுப் போறாராம். பாவம், அவரைத் திட்டி என்ன? யோசிச்சுப் பார்த்தா நான்தான் ஏத்தத்துல அழுத்தி மிதிச்சுக்கிட்டே கியர் போட்டுட்டேனோன்னு தோணுது. எனக்குத்தான் ஓட்டத் தெரியலை."

அவளுக்கு ஓட்டத் தெரியலையாம்.

தட்டைத் தூக்கி எறிஞ்சேன். பத்மாவதி பொறுக்கினா. சுடர் பயந்துட்டா. எதுக்குக் கோபம்னு அவளுக்குப் புரியலை. இப்ப எண்ணிப் பாருங்க. சவரி தன் தப்பு என்கிறான். இவ தன் தப்பு என்கிறா. ஒரு காது வளைஞ்சதுக்கு ஊர்ல எத்தனை பேர் ஒத்துக்கறாங்க பாருங்க. வரிசையில நிக்கறாங்க. எனக்கு இடமே இல்லை.

இந்தச் சட்டைப்பையில என்ன இருக்கு தெரியுமா? பாருங்க. பிளாஸ்டிக் கவர். உள்ளே பாருங்க, தொடாதீங்க, பாருங்க. காது. அவ சைக்கிளுக்குன்னே வாங்கினது. அன்னிக்கு நான் பையை வீசினப்ப காபிச் செடிக்குள்ள விழுந்தது. சவரி பொறுக்கும்போது இதைப் பார்க்கலை. நான் பார்த்தேன். செருப்பால மிதிச்சு மறைச்சுக்கிட்டேன். எல்லாரும் போனப்புறம் எடுத்தேன். ஏன் எடுத்தேன்னு கேக்காதீங்க. ஏழு மாசமா சட்டை மாத்தும்போது இதையும் மாத்தறேன். துவைக்கப் போட்ட சட்டையில ஒரு தடவை இருந்துட்டது. பத்மாவதி எடுத்துக் காபி டம்ளருக்குப் பக்கத்துல வெச்சுட்டா.

அதனால கேக்கறேன் தம்பி. நீங்க சவரி கடைக்குத்தான் போறீங்க. உங்க சைக்கிளைத் தூக்கி, ஒத்தைக் கண்ணை மூடிப் பார்ப்பான். அப்புறம் உங்களைக் கேப்பான். அவன் எல்லாரையும் கேப்பான். அப்ப உங்க கதையைச் சொல்லிட்டு, கூடவே இதையும் சொல்லிடுங்க. கீழ் வளைவுல ஒரு கிழவன் சொன்னான், அந்தப் பொண்ணு சைக்கிளும் விழுந்ததுதானாம்னு. ஒரே ஒரு வரி. கவரைக் கொடுத்துடுங்க. அவனுக்குப் புரியும். லாரியைத் திருப்பி அனுப்பறதா வேண்டாமான்னு அவன் பார்த்துக்கட்டும். சுடருக்கும் அவனே சொல்லிடட்டும். என் வேலை முடிஞ்சது.

என்ன, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டீங்க?

வாங்கிக்கங்க கவரை.

ஏன் வாங்க மாட்டேங்கறீங்க? ஒரு உதவி கேட்டா... முன்னப் பின்னத் தெரியாதவர்கிட்ட இவ்வளவும் சொல்லியிருக்கேன். வாங்குங்க.

நானா? நான் எதுக்கு வரணும்? எனக்கு முட்டிவலி. ரெண்டு வளைவு ஏத்தம். அதுவும் அவன் என்னைப் பார்த்தா எழுந்து நிப்பான். எழுந்து நிக்கற ஆளுகிட்ட எப்படிச் சொல்றது? உக்காந்திருக்கறவன்கிட்ட சொல்லலாம். திட்டறவன்கிட்ட சொல்லலாம். எழுந்து நிக்கறவன்கிட்ட...

ஏய், நீ எதுக்குடி செருப்பை எடுத்து வெக்கறே? நான் கேட்டேனா? தண்ணிதானே கேட்டேன்? பார்த்தீங்களா, இதுதான் அவ வேலை. தண்ணியும் வருது, செருப்பும் வருது. வாயில ஒரு வார்த்தை வராது.

உள்ளே என்னடி சத்தம்? அதை எதுக்கு இறக்கறே? கொக்கி வழுக்கும், கையில விழும்! நில்லு. நில்லுடி. நான் வர்றேன்.

விடு. நான் பிடிச்சுக்கறேன். விடு, பத்மாவதி.

பாருங்க தம்பி. இதுதான். ஏழு மாசத் தூசி. சந்தனம் காய்ஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு, பாருங்க, இன்னும். அவளும் துடைக்கலை, நானும் துடைக்கலை. கொடு அந்தத் துணியை. எச்சில் போதும்.

ம். பாருங்க. தெரியுதா? வெள்ளைக் கீறல். உங்களோடது மாதிரியே. அச்சு அசல்.

சரி. தள்ளுங்க உங்க சைக்கிளை. பின்சக்கரத்தைத் தூக்கிக்கங்க, அப்பதான் உருளும். இதையும் அப்படித்தான் தூக்கணும். மெதுவா போங்க, எனக்கு மூச்சு வாங்கும். ரோட்டுக்கு உள்பக்கமா நடங்க, பஸ் வரும். ஓட்டறவன் எல்லாம் எனக்குத் தெரிஞ்ச பயலுங்கதான், பொன்னுரங்கம் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு எங்கடா போறாருன்னு ஹாரன் அடிப்பானுங்க. திரும்பிப் பார்க்காதீங்க.

ஒண்ணு மட்டும். கடைக்குப் போனதும் நான் முன்னாடி வரமாட்டேன். நீங்க முன்னாடி போங்க. உங்க சைக்கிளை முதல்ல கொடுங்க. அவன் தூக்கிப் பார்ப்பான், பார்த்துட்டுக் கேப்பான், "விழுந்துச்சா?"ன்னு. உங்களுக்கு உடனே அந்த 'இல்லை' வரும் வாயில. முழுங்கிடுங்க. "ஆமா, விழுந்துச்சு"ன்னு சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க. எனக்குக் காது மந்தம், பின்னாடி நிக்கற எனக்கும் கேக்கணும்.

அடுத்தது என் முறை.